இரும்புக்கரமும் இரும்புச் சுவரும்: அதிமானுட நாயகர் கதைகள் பற்றி ஒரு திறனாய்வு

அரபுக் கல்லூரி வகுப்பொன்றில் ஸூரத்துந் நம்லின் விரிவுரையை நாம் நடத்திக்கொண்டிருந்தோம். ஸபா நாட்டு அரசியின் அரியணை கண்ணிமைக்கும் பொழுதிற்குள் ஸுலைமான் நபி (அலை) அவர்களின் அவைக்குக் கொண்டுவரப்பட்ட இடம் வந்தது. அப்போது பின்வரிசை மாணவர் ஒருவர், "உஸ்தாத், இதுக்கும் சினிமாவுல வர்ற சூப்பர்ஹீரோ செய்யறதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது, கேட்டவர் சிரிக்கவில்லை. அவர் கேலிக்காகக் கேட்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

இத்தகைய வினாவிற்கு நம்மிடையே வழக்கமாக இரு விடைகள் கூறப்படுகின்றன. அவை இணைவைப்பின் வாசனை கொண்ட வீண்கதைகள், தொடாதீர்கள் என்பது ஒன்று. அவர்களுக்கு ஒரு நாயகன் என்றால் நமக்கும் ஒரு முஸ்லிம் நாயகனைப் படைத்துவிடுவோம் என்பது மற்றொன்று. முதல் விடை நூலைத் திறக்காமலே மூடுகிறது. இரண்டாவது விடை நூலின் அச்சை அப்படியே வைத்துக்கொண்டு அட்டைப்படத்தை மட்டும் மாற்றுகிறது. இரண்டிலும் திறனாய்வு இல்லை. இக்கதைகளை அளந்து பார்க்கும் அளவுகோல் நம் மத்ரஸாப் பாடத்திட்டத்திற்குள்ளேயே கிடக்கிறது என்பதையும், அதனை நாம் எடுத்துப் பயன்படுத்தவில்லை என்பதையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க முயல்கிறோம்.

சிவகாசியிலிருந்து வந்த நாயகர்கள்

தமிழ்ச் சிறுவனுக்கு அதிமானுட நாயகன் முதலில் திரையில் அறிமுகமாகவில்லை. 1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. 1962இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் பிறந்தவன் அவன். ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல், மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடுவான். இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் 'ஸ்பைடர்' என்னும் மற்றொரு பிரிட்டிஷ் நாயகனைக் கொண்டுவந்தது. அக்கதைகளுள் பலவற்றை எழுதியவர், 1938இல் சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

நாஞ்சில் நாட்டின் சிற்றூர்களில் வளர்ந்த நம் தலைமுறையினர் இவ்விதழ்களை மூன்றாம் கை, நான்காம் கை மாறிய பிரதிகளாகவே படித்தோம். மாலை மத்ரஸாவில் கிதாபுக்கு அடியில் இரும்புக்கை மாயாவியை வைத்துப் பிடிபட்ட அனுபவம் நமக்கும் உண்டு. உஸ்தாத் நம்மை அடிக்கவில்லை. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவன் கை போனதுக்கு அல்லாஹ்வைப் புகழ்ந்தானா?" என்று மட்டும் கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். அன்று அது நமக்கு வேடிக்கையாகத் தோன்றியது. அக்கேள்வியின் கனம் பின்னாளில் இல்முல் கலாம் கற்றபோதுதான் விளங்கியது.

வழமை மீறலின் வகைகள்

இமாம் நஸஃபீயின் அகாயிதுக்கு அல்லாமா தஃப்தாஸானீ வரைந்த விரிவுரையும், லகானீயின் ஜவ்ஹரத்துத் தவ்ஹீதுக்கு இமாம் பாஜூரீ எழுதிய விளக்கமும் நம் அரபுக் கல்லூரிகளில் அறிமுகமானவை. இயற்கையின் வழமையை உடைக்கும் நிகழ்வை இத்துறையினர் 'காரிகுல் ஆதா' என்பர். அதனை ஒரே மூட்டையாகக் கட்டிவிடாமல் வகைப்படுத்தினர். நபித்துவ வாதத்துடன் வெளிப்படுவது முஃஜிஸா. நபித்துவத்திற்கு முன் நபியிடம் வெளிப்படுவது இர்ஹாஸ். இறைநேசரிடம் வெளிப்படுவது கராமத். இக்கட்டில் சிக்கிய எளிய விசுவாசிக்குக் கிடைக்கும் உதவி மஊனத். பாவியைப் படிப்படியாக அழிவுக்கு இட்டுச்செல்லும் ஆற்றல் இஸ்தித்ராஜ். பொய்யனை அவன் வாதத்திற்கு மாறாகவே இழிவுபடுத்துவது இஹானத். பொய்நபி முஸைலிமா ஒற்றைக்கண்ணன் ஒருவனைக் குணப்படுத்த முயன்றதில் நல்ல கண்ணும் குருடானது என்பது இதற்குக் காட்டப்படும் சான்று. கற்றுப் பயின்று செய்யும் சூனியத்தைப் பலர் இப்பட்டியலிலேயே சேர்ப்பதில்லை.

இப்பகுப்பில் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. செயலின் பிரம்மாண்டத்தை வைத்து இமாம்கள் வகை பிரிக்கவில்லை. நீரில் நடப்பதும் வானில் பறப்பதும் எவரிடமும் நிகழலாம். கொடுத்தவன் யார், பெற்றவர் எத்தகையவர், பெற்றதை வைத்து அவர் என்ன வாதிடுகிறார் என்னும் மூன்று வினாக்களே வகையைத் தீர்மானிக்கின்றன. மாணவர் கேட்ட அரியணை நிகழ்வு இதற்கு எடுத்துக்காட்டு. அதனைக் கொணர்ந்தவர் நபியல்லர். வேதஞானம் பெற்ற ஒருவர். ஆகவேதான் கராமத் உண்டு என்பதற்கு அது சான்றாகக் காட்டப்படுகிறது. அரியணையைக் கண்டதும் ஸுலைமான் நபி (அலை) மொழிந்தது வெற்றி முழக்கமன்று. இது தம் இறைவனின் அருள் என்றும், தாம் நன்றி செலுத்துகிறோமா நன்றி மறக்கிறோமா எனச் சோதிக்கவே இது வந்தது என்றும் அவர்கள் கூறியதாகத் திருமறை (27:40) உரைக்கிறது. ஆற்றல் வந்து சேர்ந்த கணத்திலேயே அது விசாரணைக்குரிய பொருளாகிவிடுகிறது.

விபத்தும் அருளும்

இவ்வளவுகோலை நம் பழைய இதழ்கள்மீது வைத்துப் பார்ப்போம். அதிமானுடக் கதையில் கொடுத்தவன் என்று ஒருவன் இல்லை. மின்னதிர்ச்சி, கதிரியக்கச் சிலந்தி, வெடித்த கோள் என ஏதோ ஒரு விபத்து அந்த இடத்தை நிரப்புகிறது. கொடுத்தவன் இல்லாத கொடையில் நன்றிக்கும் கணக்குக்கும் இடமில்லை. நம் உஸ்தாத் கேட்ட கேள்வி இந்த இடத்தைத்தான் தொட்டது.

ஆயினும் நடுநிலையுடன் ஒன்றைக் கூறவேண்டும். இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர் இருவருமே தொடக்கத்தில் குற்றவாளிகள். மறையும் ஆற்றல் கிடைத்தவுடன் கிராண்டேல் அதனைத் தீய வழியிலேயே செலுத்துகிறான். பின்னரே நிழற்படையின் உளவாளியாகிறான். ஸ்பைடர் குற்றவுலகின் அரசனாக வேண்டும் என்று புறப்பட்டவன். ஆற்றல் மனிதனைத் தானாகவே நல்லவனாக்காது என்னும் உண்மையை இக்கதைகள் மறைக்கவில்லை. இஸ்தித்ராஜின் நிழல் அவற்றில் உண்டு. 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த அமெரிக்க ஸ்பைடர்மேன் இன்னும் ஒருபடி நெருங்கி வருகிறான். பிடித்திருக்கக்கூடிய திருடனை ஆணவத்தால் தப்பவிடுகிறான்; அதே திருடன் அவனை வளர்த்த பெரியப்பாவைக் கொல்கிறான். ஆற்றல் ஓர் அமானத் என்பதற்கு அக்கதை வெகு அருகில் வந்து நிற்கிறது. அமானத்தைக் கேட்டு வாங்குபவன் யார் என்பதை மட்டும் அது சொல்வதில்லை.

காரூனின் கவசம்

2008ஆம் ஆண்டின் 'அயர்ன் மேன்' திரைப்படம் இத்திரைவடிவங்களின் புதிய காலத்தைத் தொடங்கிவைத்தது. 1963இல் வெளியான மூலச் சித்திரக்கதையில் ஆயுத வணிகன் டோனி ஸ்டார்க் வியட்நாமில் சிறைப்படுகிறான். திரையில் களம் ஆப்கானிஸ்தான் ஆயிற்று. அமெரிக்கா எங்குப் போரிடுகிறதோ அங்கே கதையின் குகையும் இடம்பெயர்கிறது. அப்படம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒத்துழைப்புடன் எடுக்கப்பட்டதும் இதனுடன் சேர்த்து எண்ணத்தக்கது.

தன் நிறுவனத்தின் குண்டே தன் மார்பில் பாய்ந்தபின் ஸ்டார்க் மனம் மாறுகிறான். ஆயுத உற்பத்தியை நிறுத்துவதாக அறிவிக்கிறான். அடுத்து அவன் செய்வது, எல்லா ஆயுதங்களிலும் மேலான ஒன்றைச் செய்து தானே அணிந்துகொள்வது. தனக்குக் கிடைத்ததெல்லாம் தன் அறிவினால் வந்தது என்று காரூன் கூறியதைத் திருமறை (28:78) எடுத்துரைக்கிறது. ஸுலைமான் நபியின் சொல்லையும் காரூனின் சொல்லையும் அருகருகே வைத்து ஓதினால், ஸ்டார்க் எப்பக்கம் நிற்கிறான் என்பதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

அப்படத்தில் ஆப்கானியச் சிற்றூர் ஒன்றை அவன் மீட்கும் காட்சி பலராலும் ரசிக்கப்பட்டது. பிணையாகப் பிடிக்கப்பட்டோரையும் பிடித்தோரையும் கவசத்தின் கணினி பிரித்தறிகிறது. குற்றவாளிகள் மட்டும் வீழ்கின்றனர். பிழையே செய்யாத ஆயுதம் என்னும் கனவு இது. 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் அமெரிக்க ஆளில்லா விமானம் நடத்திய தாக்குதலில் 7 குழந்தைகள் உள்ளிட்ட 10 பொதுமக்கள் கொல்லப்பட்டனர். தவறு நேர்ந்துவிட்டது எனப் பின்னர் அந்நாட்டு இராணுவமே ஒப்புக்கொண்டது. திரையில் கண்ட அந்தக் கனவு, களத்தில் நிகழும் பிழையை நாம் மன்னிக்கப் பழக்குகிறது. இத்திரைப்படங்கள் குறித்து நமக்குள்ள முதன்மையான முறையீடு இதுவே. முஸ்லிம்களைத் தீயவர்களாகக் காட்டுகிறார்கள் என்னும் குறை இதற்கு அடுத்ததே.

இரவில் உலவிய இருவர்

1939இல் தோன்றிய பேட்மேன் பெருஞ்செல்வன். இரவில் முகமூடியணிந்து நகரில் உலவிக் குற்றவாளிகளை நையப்புடைக்கிறான். நம் வரலாற்றிலும் இரவில் நகரில் உலவிய ஆட்சியாளர் ஒருவர் உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வெறும் பானையை அடுப்பிலேற்றிப் பிள்ளைகளை உறங்கவைக்க முயன்ற தாயைக் கண்டதும், மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து சென்றதும் நாம் சிறுவயது முதல் கேட்டு வருபவை. உடன் வந்தவர் சுமக்க முன்வந்தபோது, மறுமையில் தம் சுமையை அவரால் சுமக்க இயலுமா என்று உமர் (ரலி) வினவினார்கள். பசித்தவளைக் கண்டதும் அவர்கள் தேடிய குற்றவாளி வேறொருவரல்லர், தாமே.

முகமூடியிலும் ஒரு நுட்பம் உண்டு. செய்தவர் யாரென்று தெரியாமல் நன்மை செய்வது நம் மரபு போற்றும் பண்பு. மதீனாவின் ஏழைகள் வீடுகளுக்கு இரவில் உணவு சுமந்து சென்றவர் இமாம் ஸைனுல் ஆபிதீன் அவர்களே என்பது, அவர்கள் மறைந்தபின் உடலைக் குளிப்பாட்டுகையில் முதுகில் கண்ட தழும்புகளால்தான் தெரிந்தது என்பர். அதிமானுட நாயகனோ முகத்தை மறைத்துக்கொண்டு, செயலை நகரமே பார்க்கச் செய்கிறான். ஊடகங்கள் அவனுக்குப் பெயர் சூட்டுகின்றன. இறைநேசர்கள் கராமத்தை மறைக்கவே விரும்பினர். நேர்வழியில் நிலைத்திருப்பதே அதனினும் மேலானது என்பது ஸூஃபியாக்களின் நிலைப்பாடு.

நம் வீட்டுக் கதைகள்

பிறர் கதையை அளக்கும் கோலால் நம் கதைகளையும் அளப்பதே நேர்மை. ஐந்து படைப்போர், செய்யிதத்துப் படைப்போர் முதலிய போர்க்காவியங்கள் தமிழ் முஸ்லிம் இல்லங்களில் ஒருகாலத்தில் இராகமிட்டு ஓதப்பட்டன. அவற்றில் அலி (ரலி) அவர்களின் வாள்வீச்சு மனித அளவைக் கடந்தது. வரலாற்றுச் சான்றற்றவை என நம் ஆலிம்கள் பலர் அவற்றைக் குறைகூறியதும் முறையே. ஆயினும் அக்காவியங்களின் வீரர் போருக்குமுன் கையேந்துகிறார்; வென்றபின் புகழை இறைவனுக்கே உரித்தாக்குகிறார். மிகைப்படுத்தல் அங்கே உண்டு. கொடுத்தவனை மறத்தல் இல்லை.

நாஞ்சில் நாட்டின் பொதுமரபையும் இங்கு நினைவுகூரலாம். நாகர்கோவிலை அடுத்த கணியாகுளத்தில் 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் படையோடு பொருது மாண்ட இரவிக்குட்டிப்பிள்ளையின் கதை இன்றும் வில்லுப்பாட்டில் வாழ்கிறது. தாயும் மனைவியும் தீக்கனாக் கண்டு தடுத்தும் அவர் போருக்குச் செல்கிறார், மீளவில்லை. அந்த மரணமே கதையின் உயிர். 1992இல் சூப்பர்மேன் இறந்ததாக ஓர் இதழ் வெளியிடப்பட்டு அமோகமாக விற்றது. அடுத்த ஆண்டே அவன் எழுந்து வந்துவிட்டான். உரிமை பெற்ற வணிகச் சரக்கு மரிக்க இயலாது. மரிக்காத நாயகனிடம் தியாகம் என்பதும் நடிப்பாகிவிடுகிறது. மரணமற்ற நித்திய ஜீவன் அல்லாஹ் ஒருவனே என்னும் நம் கொள்கை, கதைக்கலைக்கும் பொருந்தும் உண்மையாக இங்குப் புலப்படுகிறது.

நமக்கென ஒரு நாயகன்?

இரண்டாவது விடையாகிய 'நமக்கும் ஒருவன்' என்பது முயன்று பார்க்கப்பட்டதே. குவைத்தின் உளவியலறிஞர் நாயிஃப் அல்முதவ்வா 2006இல் 'தி 99' என்னும் சித்திரக்கதைத் தொடரைத் தொடங்கினார். 1258இல் மங்கோலியர் பக்தாதை அழித்தபோது அதன் நூலகத்து ஞானம் 99 மணிகளில் ஏற்றப்பட்டு உலகெங்கும் சிதறியது என்பதும், அம்மணிகளைப் பெறும் இளைஞர்கள் அஸ்மாவுல் ஹுஸ்னாவை ஒட்டிய ஆற்றல்களை அடைகின்றனர் என்பதும் அதன் கரு. இறைநாமங்களை மாந்தருக்குச் சூட்டுவதா என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களின் கவலை புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும் இறைநாமம் ஒவ்வொன்றிலும் அடியானுக்குரிய பங்கு யாது என்பதை இமாம் கஸ்ஸாலீ 'அல்மக்ஸதுல் அஸ்னா'வில் விரித்துரைத்திருப்பதால், அக்கருத்துக்கு மரபில் முற்றிலும் இடமில்லை எனல் பொருந்தாது. நம் மறுப்பு வேறிடத்தில் உள்ளது. இமாம் கூறும் பங்கு நஃப்ஸோடு போராடிப் பெறுவது. இத்தொடரிலோ ஒரு மணியின் வாயிலாகக் கைவருவது. ஞானத்தைச் சிதறிய நூலகத்திலிருந்து மீட்க வேண்டுமானால் படிக்க வேண்டும் என்னும் எளிய உண்மையை அது தவறவிட்டது.

'மிஸ் மார்வெல்' கமலா கான் இதைவிடச் சிறந்த முயற்சி. முஸ்லிம் எழுத்தாளர் ஜி. வில்லோ வில்சன் 2014 முதல் எழுதிய அத்தொடரின் முதல் தொகுதி, அடுத்த ஆண்டே ஹ்யூகோ விருது பெற்றது. அமெரிக்க ஜெர்ஸி நகரில் வாழும் பாகிஸ்தானியப் பெற்றோரின் மகளது வீடு, பள்ளிவாசல், பெற்றோரின் கண்டிப்பு ஆகியன அதில் கேலிப்பொருளாகாமல் இயல்பாக வந்துள்ளன. 2022இல் அது திரைத்தொடரானபோது ஆற்றலின் ஊற்று மாற்றப்பட்டது. மூலத்தில் மர்மப் புகைமண்டலம். திரையில் 1947 பிரிவினைத் துயரோடு பிணைந்த கொள்ளுப்பாட்டியின் காப்பு. பிரிவினைக்கால இரயில் நிலையக் காட்சி நெஞ்சைத் தொடுவது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 'ஜின்' என்போர் வேற்றுப் பரிமாணத்திலிருந்து நாடுகடத்தப்பட்டோராகவும், அப்பரிமாணத்தின் பெயர் 'நூர்' எனவும் அதில் வருகின்றன. நமக்கு நூர் என்பது நேர்வழி. அங்கே அது மின்னாற்றல் போன்ற ஒரு சக்தி. சொல் நம்முடையதாக இருக்கிறது, பொருள் கைமாறிவிட்டது.

இரு படங்களும் ஒரு சுவரும்

மலையாளப் படங்களைத் தமிழ்ப்படங்களுக்கு நிகராகப் பார்க்கும் மாவட்டம் நம்முடையது. பேஸில் ஜோசஃப் இயக்கி 2021இல் வந்த 'மின்னல் முரளி' இங்குப் பெரிதும் பேசப்பட்டது. ஒரே இரவில் இருவர்மீது மின்னல் பாய்கிறது. டோவினோ தோமஸ் ஏற்ற தையற்காரன் நாயகனாகிறான். தமிழ்நடிகர் குரு சோமசுந்தரம் ஏற்ற, ஊரே இகழும் தேநீர்க்கடைத் தொழிலாளி ஷிபு பகைவனாகிறான். ஒரே கொடை இருவரிடம் இருவேறாகும் இக்கதை, பெற்றவர் எத்தகையவர் என்னும் கலாம் வினாவை நேரடியாகவே எழுப்புகிறது. அதனினும் கூர்மையான வினாவொன்றும் அதில் மறைந்துள்ளது. ஷிபுவைத் தீயவனாக்கியது மின்னலா, அவனை நெடுங்காலம் இகழ்ந்த ஊரா? படம் அவ்வினாவை எழுப்பிவிட்டு, அவனைக் கொன்று முடிக்கிறது. ஊர் தன் பங்குக்குக் கணக்குக் கொடுக்கவில்லை. கைதட்டுவதோடு அதன் வேலை தீர்ந்தது.

அதே டோவினோ தோமஸ் நடித்து 2023இல் வந்த '2018' திரைப்படம், கேரளப் பெருவெள்ளத்தைப் பற்றியது. அதிமானுட ஆற்றல் பெற்றவர் எவரும் அதிலில்லை. மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிச்சென்று அந்நியரை மீட்கின்றனர். அச்சத்தால் இராணுவத்தை விட்டு வந்தவன் பிறரைக் காத்து உயிர்விடுகிறான். இது நம் கரைக்குப் புதிய செய்தியன்று. 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் ஆழிப்பேரலை புகுந்த பின், மையித்துகளைத் தூக்கியவர்களையும் அடுப்பு மூட்டியவர்களையும் நாம் நேரில் கண்டோம். சுமந்தவரும் சுமக்கப்பட்டவரும் ஒரே சமயத்தவராக இருக்கவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வீசியபோது, கடலில் காணாமற்போனவர்களைத் தேட மீனவர்கள் தாமே படகெடுத்துச் சென்றனர். இவர்களில் எவருக்கும் மின்னல் பாயவில்லை.

இங்கேதான் துல்கர்னைனின் வரலாறு (18:93-98) முன்வந்து நிற்கிறது. யஃஜூஜ், மஃஜூஜின் தொல்லைக்குள்ளான மக்கள், பொருள் தருகிறோம், எங்களுக்கு ஒரு தடுப்பைக் கட்டித்தருக என்று அவரிடம் வேண்டினர். அதிமானுட நாயகனாக இருந்தால், ஒதுங்கி நில்லுங்கள் என்றிருப்பான். துல்கர்னைன் கூலியை மறுத்தார். உங்கள் உடலுழைப்பைத் தாருங்கள் என்றார். இரும்புப் பாளங்களைக் கொண்டுவரச் செய்தார், ஊதச் செய்தார், உருக்கிய செம்பை அதன்மேல் வார்த்தார். சுவர் எழுந்ததும், இது என் இறைவனின் அருள் என்றும், அவன் வாக்குறுதி வரும்நாளில் இதுவும் தூளாகும் என்றும் கூறினார். கொடுத்தவனை அறிந்த ஆற்றல், பெற்றதைக் கணக்குக்குரியதாகக் கருதும் ஆற்றல், எளியோரைப் பார்வையாளராக்காமல் பணியாளராக்கும் ஆற்றல் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றுகூடுகின்றன. இரும்புக்கரம் ஒருவனுடையதாகவே இருந்தது. இரும்புச் சுவரில் ஓர் ஊரின் வியர்வை இருந்தது.

மாணவருக்கு

அவர் வினாவிற்கு நாம் அன்று கூறிய விடை குறைவானது. இதனை அதன் நிறைவாகக் கொள்க. சித்திரக்கதையைப் படிப்பதோ திரைப்படத்தைப் பார்ப்பதோ அல்ல இங்குச் சிக்கல். அவற்றை வினாவின்றிக் காண்பதே சிக்கல். நாயகன் பறக்கும்போது, இவனுக்குக் கொடுத்தவன் யார், இவன் யாருக்குக் கணக்குக் கொடுப்பான், இவன் பறக்கும்போது மக்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இவ்வினாக்களைத் தாங்கி நிற்கும் கதைகள் சில உண்டு. அவற்றை நன்றியுடன் ஏற்போம். தாங்காதவை தாமே உதிர்ந்துவிடும்.

நம் சமூகமும் இடர் வரும்போதெல்லாம் ஒரு மீட்பரை எதிர்நோக்கி மேலே பார்த்துக்கொண்டிருக்கும் நோயிலிருந்து விடுபட்டதன்று. தலைவர் ஒருவர் வருவார், எல்லாம் சரியாகும் என்று ஜமாஅத்துக் கூட்டங்களில் நாம் பேசிக்கொள்வதும் அதே கதையின் மறுபதிப்புதான். துல்கர்னைன் வந்தாலும் நம்மிடம் முதலில் கேட்கப்போவது இரும்புப் பாளத்தையே. அதனைச் சுமந்துவரத் தோள்கள் ஆயத்தமாக உள்ளனவா என்பதே, கற்பவரும் கற்பிப்பவருமாகிய நம்முன் உள்ள கேள்வி.